ஆணி அடிக்காத சுவர்

எங்கள் வீதிக்கு வந்து யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், நாலாம் நம்பர் வீட்டுச் சுவரில் ஆணியே இல்லாமல் காலண்டர் தொங்கியதை, வடைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிற குரலில்தான் சொல்வார்கள், ஆமாங்க தொங்குச்சு, ஏழு மாசம் தொங்குச்சு, அதுக்கென்ன இப்போ என்பார்கள். ஆனால் அந்த வீட்டுக்காரம்மா துளசிமணி தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுபது பேர் முன்னால் நின்று என்ன சொன்னாள் என்று கேளுங்கள், அப்போது பாருங்கள், உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பார், சைக்கிளில் போகிறவர் இறங்கி ஸ்டாண்டு போடுவார். நானும் அப்படித்தான், இந்தக் கதையைப் பாதிக்கு மேல் நின்றுகொண்டே எழுதினேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் பின்சுவர்களுக்கும், ஒரு காலத்தில் சோளக்காடாக இருந்த மேட்டுக்கும் நடுவில், ஒரு வேனும் ஒரு எருமையும் எதிரெதிரே வந்தால் எருமைதான் ஜெயிக்கும் என்கிற அகலத்தில் கிடக்கிறது எங்கள் சீத்தக்காட்டுத் தோட்டம் மூன்றாவது வீதி. இங்கே முதலாளி என்று யாரும் கிடையாது, இருப்பதெல்லாம் என்னைப்போல ஓவர்டைம் பார்த்து, சீட்டுப் போட்டு, மனைவியின் வளையலை வைத்து, இரண்டு மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு அதிலேயே ஒரு மூலையில் தானும் குடியிருக்கிற வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரர் என்றால் புருஷனுக்கும் அதே பேர்தான், வாடகைக்கு விட்டவனுக்கும் அதே பேர்தான், ஏனென்றால் இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான், குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் பார்க்கலாம் என்று பதில் சொல்வது.

துளசிமணி மட்டும் பார்க்கலாம் என்று சொன்னதில்லை. அவள் ஐம்பத்தி மூன்று வயதுக்காரி, புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, பனியன் கம்பெனியில் இருபத்தி இரண்டு வருஷம் செக்கிங்கில் நின்றவள், அதாவது டியூப்லைட்டுக்கு அடியில் நின்று தைத்து வந்த பனியனை விரித்துப் பிடித்து எங்கே பொத்தல், எங்கே நூல் விட்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒதுக்குகிற வேலை, அந்தக் கண்ணுக்கு ஊசி முனையளவு ஓட்டையும் தப்பாது. அந்தக் கண்ணால் சம்பாதித்த காசில் வாங்கிய மூன்றரை சென்டில், வருஷத்துக்கு ஒரு கதவு என்று ஏழு வருஷத்தில் ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், ஏழு கதவு என்று லைன் வீடு கட்டினாள், முதல் கதவில் தான் இருந்துகொண்டு மற்ற ஆறையும் வாடகைக்கு விட்டாள். எட்டாவது வருஷம் மாடி போடுவதாக இருந்தது, அதற்காகக் கூரைக்கு மேல் விட்ட கம்பிகள் துருவேறி, கண் படாமல் இருக்க ஒரு கம்பியில் கவிழ்த்த கரும்புள்ளிப் பானையோடு ஒன்பது வருஷமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. துணி காயப் போட மேலே போகும்போதெல்லாம் அவள் அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.

லைன் கட்டுவதற்கு முன்னால் அவள் பதினொரு வீட்டில் வாடகைக்கு இருந்தவள். பதினோராவது வீட்டைக் காலி செய்த அன்றைக்கு, அந்த வீட்டுக்காரர் சுவர் சுவராகப் போய் ஆணிகளை எண்ணி, பதினாலு என்று சொல்லி, பதினாலுக்கும் அட்வான்சில் பிடித்துக்கொண்டார். பதின்மூன்றுதான் அவள் அடித்தது, பதினாலாவது அவளுக்கு முன்பே இருந்தவர்கள் விட்டுப்போனது, எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. சாமான் ஏற்றிய டெம்போவை நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போய், காசு கட்டின பிறகு இது என்னுதுங்க என்று சொல்லி, அந்தப் பதினாலாவது ஆணியைக் குறட்டால் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள் துளசிமணி. அந்த ஆணி அவள் வீட்டுத் தகரப்பெட்டியில் பத்திரத்துக்கும் ஒப்பந்தக் காகிதங்களுக்கும் மேலே இன்றைக்கு வரைக்கும், இல்லை, தை மாதம் வரைக்கும் இருந்தது.

இத்தனை பட்டவள் தன் வீட்டில் ஆணி அடிக்க விட்டிருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் மனசு அப்படி வேலை செய்வதில்லை, அவள் எங்கள் எல்லோரையும்விடக் கறாராக இருந்தாள், ஒப்பந்தத்தில் ஆறாவது வரியில் ஆணி, திருகாணி, கொக்கி எதுவும் சுவரில் அடிக்கலாகாது என்று எழுதி, கையெழுத்து வாங்கும்போது அந்த வரியை மட்டும் இரண்டு தடவை சத்தமாகப் படிப்பாள். ஹாலோ பிளாக் சுவருங்க, ஒரு ஆணி அடிச்சா தட்டத்து அகலத்துக்குப் பூச்சு உதுருமுங்க என்பது அவள் சொல்கிற காரணம். நிஜக் காரணம் வேறு, தான் கட்டின சுவரில் ஒரு பொத்தல் இருக்கக்கூடாது என்பதுதான், அது செக்கிங்காரியின் கௌரவம்.

மற்றபடி அவளைப்போல வீடு விடத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் இல்லை, நீங்களும் நாளைக்கு இரண்டு போர்ஷன் கட்டுகிற எண்ணத்தில் இருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மனசில் வையுங்கள். குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆளைக் கூட்டி வருவாள், ஒழுகுகிற குழாயைவிடப் புலம்புகிற குடித்தனக்காரர் செலவு அதிகம் என்பாள். ஒவ்வொரு கதவுக்கும் தனி மீட்டர் வைத்தாள், அதனால் அவள் லைனில் கரண்டு பில் சண்டையே வந்ததில்லை. ஒப்பந்தத்தில் ஒரு நகலைக் குடித்தனக்காரர் கையில் கொடுப்பாள். நடுவில் வாடகை ஏற்றமாட்டாள், ஏற்றுவதாக இருந்தால் பொங்கலுக்கு முன்பே சொல்லிவிடுவாள். தன் சொந்த வீடென்றாலும் வாடகைக்கு விட்ட பிறகு வாசற்படியைத் தாண்டி உள்ளே காலை வைக்கமாட்டாள், வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, வாங்க என்று அவர்கள் சொன்ன பிறகுதான் நுழைவாள். நான் ஒரு தடவை என் மாடிப் போர்ஷனுக்குள் தட்டாமல் போனதைப் பார்த்துவிட்டு, வாடகை வாங்கிட்டீங்களல்லங்கண்ணா, அப்பறம் அது உங்க வீடு இல்லீங்க என்றாள், எனக்கு ஒரு வாரம் கோபம்.

அந்த லைனின் நாலாம் நம்பருக்கு வைகாசி கடைசி புதன்கிழமை தென்காசிப் பக்கத்திலிருந்து முத்துப்பேச்சியும் அவள் புருஷன் சுடலைமணியும் குடிவந்தார்கள், அவன் கட்டிங் மாஸ்டரிடம் வேலைக்கு, அவள் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்கு. இன்னும் இரண்டு நாளில் ஆனி பிறந்துவிடும், ஆனியில் குடி வரக்கூடாது என்று அவசரமாக வந்தவர்களிடம், இந்த லைனில் ஆனியில் வந்தாலும் வரலாம், ஆணியோடுதான் வரக்கூடாது என்று நான் வாசலில் நின்று ஒரு ஜோக் அடித்தேன். துளசிமணி சிரிக்கவில்லை, ஆறாவது வரியை இரண்டு தடவை படித்தாள்.

முத்துப்பேச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “யக்கா, ஒரே ஒரு ஆணி மட்டும் அடிச்சுக்கிடட்டா? எங்கூரு மாவு மில்லுக்காரவுக குடுத்த காலண்டரு. எங்கம்மா இருந்தவரைக்கும் அவதான் தெனமும் தாளு கிழிப்பா. அத எங்கயாது மாட்டணும்லாக்கா.”

“ஒண்ணு அடிச்சாலும் ஆணி ஆணிதான் கண்ணு. சன்னல் கம்பீல சாச்சு வெச்சுக்கோ.”

“சரிக்கா. அடிக்கப்பிடாதுன்னா அடிக்கல்லக்கா.”

பால் காய்ச்சினார்கள். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருக்கும்போது முத்துப்பேச்சி காலண்டரை எடுத்துக்கொண்டு நின்றாள், சன்னலில் வைத்தால் மழைச்சாரல் அடிக்கும், தரையில் வைத்தால் அம்மாவின் காலண்டரைத் தரையில் வைத்ததாகும், அதனால் எங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டுமாவது பார்த்துக்கொள்வோம் என்று அடுப்புக்கு எதிர்ச்சுவரில் கண் உயரத்தில் வைத்துப் பிடித்தாள், அந்த நேரம் பால் பொங்கியது, ஓடிப்போய் இறக்கினாள், திரும்பிப் பார்த்தால் காலண்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. அவளும் பால் பொங்கின வீடு, எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு டம்ளர்களைக் கழுவப் போனாள்.

ஒரு வாரம் கழித்துத் துளசிமணி வாசலில் நின்று கூப்பிட்டாள், வாங்கக்கா என்று சத்தம் வந்த பிறகு உள்ளே போனாள், போனவள் சுவரைப் பார்த்தாள். காலண்டர், பக்கத்தில் முறம், அதற்குப் பக்கத்தில் சுடலைமணியின் சட்டை இரண்டு, டிபன் தூக்கு, ஒரு வெங்காயக் கூடை.

“என்னம்மிணி இது? ஆணி அடிக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனல்ல?”

“அடிக்கல்லக்கா. நீங்க சொன்னியல்லா, அதான் அடிக்கல்ல. வெச்சேன், அப்படியே இருந்துட்டுக்கா.”

துளசிமணி ஒவ்வொன்றையும் நகர்த்தி அடியில் பார்த்தாள், மேலே பார்த்தாள், இருபத்தி இரண்டு வருஷத்துக் கண்ணால் சுவரை ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் செக்கிங் பண்ணினாள், ஒரு பொத்தல் இல்லை. அப்படியானால் ஒப்பந்தத்துக்கு விரோதமாக ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் பட்ட சாமானை மட்டும் வெக்காதே கண்ணு, கறை புடிச்சுப் போகும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பிற்பாடு சுடலைமணி இடம் மிச்சமாகட்டும் என்று சைக்கிளையே தூக்கிச் சுவரில் வைத்தான், அதுவும் நின்றது, டயர்ச் சேறு டிஸ்டெம்பரில் ஒட்டுகிறது என்று துளசிமணி கண்டித்த பிறகு அதை மட்டும் இறக்கிவிட்டார்கள்.

இப்படியாக அது எங்கள் வீதியில் நடந்தது, எங்கள் வீதியும் அதற்குப் பழகிக்கொண்டது. ரீடிங் எடுக்க வருகிற கரண்டு ஆபீஸ்காரர் மீட்டரைப் பார்த்து எழுதுகிற வரைக்கும் தன் பையை முத்துப்பேச்சியிடம் கொடுத்துச் சுவரில் வைக்கச் சொல்வார். அது அவள் கையாலோ அவள் புருஷன் கையாலோ வைத்தால்தான் நிற்கும், வேறு யார் வைத்தாலும் விழுந்துவிடும் என்பதையும் இரண்டாவது மாதத்திலேயே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். வர்ணம் அடிக்கிற ஆள் இது டிஸ்டெம்பர் விசேஷம் என்று சொல்லி அந்த வருஷம் ஆடியிலேயே எட்டு வீட்டுக்கு அதே வெளிர்பச்சையை அடித்தார். மற்ற வீடுகளில் நடந்ததுதான் வேடிக்கை. லைனின் இரண்டாம் நம்பரிலும் ஐந்தாம் நம்பரிலும் ஆசையாகக் காலண்டரைச் சுவரில் வைத்தார்கள், பொத்தென்று விழுந்தது, அப்போதுதான் தெரிந்தது இரண்டாம் நம்பரில் பீரோவுக்குப் பின்னால் ஒரு ஆணி, ஐந்தாம் நம்பரில் கதவுக்குப் பின்னால் மூன்று. ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிவிட்டு, பொத்தலைப் பற்பசை வைத்து அடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தார்கள், விழுந்தது. அதற்குப் பிறகு யார் வீட்டில் காலண்டர் விழுந்தாலும் எங்கேய்யா அடிச்சு வெச்சிருக்கே என்று கேட்பது எங்கள் வீதியின் வழக்கமாகிவிட்டது, பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஒருத்தர் இப்படிக் கேட்டுச் சம்பந்தம் கெட்டுப்போனது.

வீட்டுக்காரர்களான நாங்கள் சும்மா இருப்போமா. ஆணி அடிக்காத வீட்டுக்குத்தான் இந்த யோகம் வரும் என்று முடிவு செய்து, ஆணி அடிக்கக் கூடாது என்று தகரத்தில் போர்டு எழுதி வாங்கி வந்து, ஒவ்வொருத்தரும் அவரவர் வாசல் சுவரில் நாலு மூலைக்கும் நாலு ஆணி வைத்து அடித்தோம். என் போர்டுதான் இருப்பதிலேயே பெரியது, ஆறு ஆணி.

ஐப்பசி வாக்கில் யாரோ ஒரு அம்மா அந்தச் சுவருக்குக் குங்குமம் வைத்தார், அடுத்த செவ்வாய்க்கிழமை கற்பூரம் வந்தது, அதற்கடுத்த வாரம் செருப்புகள் ஏழாம் நம்பர் வாசல் வரைக்கும் வரிசையாகக் கிடந்தன. முத்துப்பேச்சி காலை ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் பதினைந்து பேருக்குத் திருநீறு எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, குளிக்கப் போனால் குளித்து வருகிற வரைக்கும் உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், சோறு வடிக்கும்போது வடிக்கிற கஞ்சியைப் பிரசாதமாகக் கேட்டார்கள். அவள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, அப்போது அவளுக்கு நாலாவது மாதம், வாந்தி வந்தால் எழுந்து போகக்கூட வழி கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும். துளசிமணிக்கு முதலில் பெருமைதான், என்ற சுவருக்குங்க, நான் கட்டுனதுங்க என்று கடைவீதி வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாள், கழுத்து ஒரு சாண் உயர்ந்திருந்தது.

மார்கழி முடிகிற சமயத்தில் நூல் கமிஷன் வியாபாரம் பார்க்கிற சென்னியப்பன் வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, வீதிக்குக் குடிநீர்க் குழாய் வந்ததே அவர் அலைந்ததால்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் அதை இன்னும் பெரிதாக்கலாமே என்று தோன்றுகிற மனிதர். துளசிமணியின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார், என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார்.

“நாலாம் நம்பரைக் காலி பண்ணிக் குடுத்துரு துளசிமணி. கோயிலாக்கிப் போடலாம். அதுக்குப் பதிலா உம்பட லைனு மொத்தத்துக்கும் மாடி நான் போட்டுத் தாரேன், மேல ஏழு கதவு. தை மூணாவது ஞாயித்துக்கெழமை நல்ல நாளு. அந்தப் புள்ளை கையாலயே ஒரு வெங்கல மணியச் சுவத்துல வெச்சுக் குடுத்துட்டு அவிய கெளம்பட்டும்.”

“ஒப்பந்தம் சித்திரை வரைக்கும் இருக்குதுங்களே.”

“அட, வாடகைக்கு இருக்கறவியதானே. வேற வீடு பாத்துக்குவாங்க.”

துளசிமணி அண்ணாந்து கூரைக்கு மேலே இருந்த கம்பிகளைப் பார்த்தாள். எத்தனை நாள் ஆசை என்று எனக்குத் தெரியும், மேலே ஏழு கதவு என்றால் மொத்தம் பதினாலு கதவு, செக்கிங்காரி துளசிமணி பதினாலு கதவுக்குச் சொந்தக்காரி. யோசிச்சுச் சொல்றனுங்க என்றாள். சென்னியப்பன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே நாலாம் நம்பருக்குச் சொல்லியனுப்பினார், அவளும் தடுக்கவில்லை.

வேற வீடு பார்ப்பது எத்தனை லேசு என்று கேளுங்கள். முத்துப்பேச்சியும் சுடலைமணியும் இரண்டு வாரம் நாலு வீதியிலும் ஏறி இறங்கினார்கள், வயிற்றைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்தது, குழந்தை பிறந்தால் தண்ணீர் செலவு ஜாஸ்தி என்றார் ஒருத்தர், சத்தம் ஆகாது என்றார் இன்னொருத்தர், குழந்தை பிறந்த பிறகு வாங்க என்றார் மூன்றாமவர். என் மாடியில் ஒரு போர்ஷன் காலியாகத்தான் இருந்தது. மாசமா இருக்கற புள்ளை, படி ஏற முடியாதேம்மா என்று நான் சொன்னேன், என் வீட்டுக்குப் படி பதினாறுதான், அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தாய்வீட்டுக்குப் போகலாம் என்றால் தாய் இல்லை, இருந்தது அந்தக் காலண்டர்தான்.

சொன்ன ஞாயிற்றுக்கு முந்தின நாள் காலையில் துளசிமணி என் வீட்டுக்கு வந்தாள், வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு வந்தாள்.

“அண்ணா, ஒண்ணு சொல்றன், ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. அந்தச் சுவத்துல நானும் வெச்சுப் பாத்தனுங்க. வீட்டு வரி ரசீதுப் பையி. மூணு தடவை வெச்சன், மூணு தடவையும் விழுந்துபோச்சு. நான் கட்டுன சுவரு, நான் ஒரு ஆணி அடிச்சதில்லை அதுல, எனக்கு நிக்க மாட்டீங்குது.”

“அது ஏனம்மா அப்படி?”

“நானும் அதத்தான் நாலு நாளா ரோசனை பண்ணுனன். நான் ஆணி அடிக்கோணும்னா ஆருகிட்டயாச்சும் கேக்கோணுமா? கேக்க வேண்டியதில்லை. அந்தப் புள்ளை கேட்டுது. நான் இல்லைன்னு சொன்னன். செரின்னு சொல்லிப்போட்டு அதும்படி நின்னுது. அதுக்குத்தான் சுவரு தாங்குதுங்க. நான் வேண்டான்னு சொன்னதத்தான் அது தாங்கிட்டு நிக்குது.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “பதினோரு வீட்டுல எனக்கு இப்பிடி ஒரு சுவரும் தாங்கலீங்க” என்றாள்.

“அப்படீன்னா நீ சரி, அடிச்சுக்கோன்னு சொல்லிட்டா?”

துளசிமணி என் சுவரில் போர்டு அடித்திருந்த ஆறு ஆணியையும் ஒரு தடவை எண்ணிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுபது பேர் இருந்தார்கள், நாதஸ்வரம் இருந்தது, இளநீர்க் குலை கட்டியிருந்தது, வீதி முனையில் முத்துப்பேச்சியின் சாமானுக்காக ஒரு டெம்போ நின்றது. சென்னியப்பன் எட்டுக் கிலோ வெண்கல மணியைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார், முத்துப்பேச்சி அதை இரண்டு கையாலும் வாங்கி, வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் நின்று, சுவரில் வைத்துக் கையை எடுத்தாள், மணி நின்றது, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் அந்தக் கூட்டத்தில் யாரையும் பார்க்காமல் காலண்டரை எடுக்கக் கையை நீட்டினாள், அதைமட்டும் தன் கையோடு எடுத்துப்போக நினைத்திருந்தாள்.

“அதை எடுக்காத கண்ணு, அங்கயே இருக்கட்டும்” என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது. துளசிமணி நின்றுகொண்டிருந்தாள், எழுபது பேர் உள்ளேயும் வெளியேயும் நிற்கிற வீட்டுக்கு வெளியே வாசற்படிக்கு அப்பால் நின்று, “முத்துப்பேச்சி, உள்ள வரட்டுமா?” என்று கேட்டாள்.

“வாங்கக்கா” என்றாள் முத்துப்பேச்சி.

துளசிமணி உள்ளே வந்தாள், கையில் ஒப்பந்தக் காகிதமும் ஒரு பேனாவும் இருந்தன. முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தாள், பதினோரு மாதம் என்று படித்தாள், குடியிருக்க மட்டும் என்று படித்தாள். சென்னியப்பனைப் பார்த்து, “இதுல கோயிலுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதுங்களா?” என்றாள். ஐந்தாவது வரி முடிந்தது, ஆறாவது வரிக்கு வந்தாள், எப்போதும் இரண்டு தடவை படிக்கிற வரியை ஒரு தடவைகூடப் படிக்காமல் காகிதத்தைச் சுவரில் வைத்து அழுத்திப் பேனாவால் அந்த வரியைக் குறுக்கே அடித்தாள்.

“சித்திரை வரைக்கும் இல்லை, நீ இருக்கற வரைக்கும் இது உன்ற வீடு. இனிமேல் நாலாம் நம்பர்ல நீ எங்க வேணும்னாலும் ஆணி அடிச்சுக்கோ கண்ணு. ஆரையும் கேக்க வேண்டியதில்லை, என்னையும் கேக்க வேண்டியதில்லை.”

தெரிந்துதான் சொன்னாள். இந்த வீதியில் அது தெரிந்த இன்னொருத்தன் நான், அதனால்தான் உங்களுக்கும் சொல்கிறேன், தெரிந்து, மேலே ஏழு கதவும் போகும் என்று தெரிந்து, கழுத்து நிமிர்ந்து நின்று சொன்னாள்.

முதலில் வெங்காயக் கூடை விழுந்தது, வெங்காயங்கள் நாதஸ்வரக்காரர் மடி வரைக்கும் உருண்டன. பிறகு சட்டைகள், முறம், டிபன் தூக்கு, ஏழு மாதமாக அதனதன் இடத்தில் இருந்த ஒவ்வொன்றும் அவசரமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, காலண்டர் விழுந்தது, கடைசியாக மணி விழுந்து தரையில் ஒரு தட்டளவுக்குப் பெயர்த்துக்கொண்டு ஒரே ஒரு தடவை ஒலித்தது. அந்தச் சத்தம் அடங்கியது. பிறகு ஒரு அம்மா தன் கற்பூரத்தைத் தேடி எடுத்துக்கொண்டார், செருப்புகள் குறையத் தொடங்கின, சென்னியப்பன் நெளிந்துபோன மணியைத் துணியில் சுற்றினார்.

“உம்பட மாடி போச்சே துளசிமணி” என்றார், வருத்தமாகத்தான் சொன்னார்.

“போனாப் போகுதுங்க. கீழ இருக்கறவிய இருக்கட்டும்.”

கூட்டம் போன பிறகு முத்துப்பேச்சி விழுந்த சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். “யக்கா, நான் ஒண்ணுமே செய்யலியேக்கா. எல்லாம் விழுந்துட்டே.”

“விழுந்தா மாட்டிக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் துளசிமணி முதலாம் நம்பருக்குப் போய், தகரப்பெட்டியைத் திறந்து, ஒரு சுத்தியலும் ஒரு ஆணியுமாக வந்தாள். கொஞ்சம் வளைந்த, தலை தேய்ந்த, பழைய இரண்டங்குல ஆணி. “புடி. இதுக்கு நான் அன்னிக்கே காசு குடுத்துட்டேன். அடி.”

முத்துப்பேச்சி ஆணியே அடித்ததில்லை. துளசிமணி ஆணியைப் பிடித்துக்கொள்ள, அவள் அடித்தாள், முதல் அடி துளசிமணியின் கட்டைவிரலில் விழுந்தது, இரண்டாவது அடியில் ஹாலோ பிளாக்கின் பூச்சு அவள் சொல்லிவந்த மாதிரியே தட்டத்து அகலத்துக்கு உதிர்ந்தது, மூன்றாவது அடியில் ஆணி நின்றது. கையை உதறிக்கொண்டே துளசிமணி குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள், டியூப்லைட்டுக்கு அடியில் இருபத்தி இரண்டு வருஷம் பார்த்த அதே பார்வை. “பாஸ்” என்றாள்.

அந்தச் சாயங்காலம் லைனின் மற்ற ஐந்து வீட்டுக்கும் போய் ஆறாவது வரியை அடித்துக்கொடுத்தாள், ஒரே சுத்தியல் கதவு கதவாகப் போய்வந்தது, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் லைன் முழுக்க அடிக்கிற சத்தம். நான் என் வாசல் போர்டைக் கழற்றினேன், ஆறு பொத்தல். அடுத்த நாள் துளசிமணி என் பக்கம் வந்தபோது அதையும் குனிந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போனாள், நான் இன்னும் பாஸ் ஆகவில்லை.

முத்துப்பேச்சிக்குச் சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது, ஒப்பந்தம் அதே வீட்டுக்கு மறுபடி எழுதப்பட்டது, இப்போது அதில் ஐந்து வரிதான். கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கின்றன, பானைக்குப் பக்கத்துக் கம்பியில் குழந்தைத் துணி காய்கிறது. வெளியூரிலிருந்து இப்போதும் யாராவது வந்து, ஆணி இல்லாமல் காலண்டர் தொங்கிய வீடு இதுதானுங்களா என்று கேட்கிறார்கள். துளசிமணி அவர்களை நாலாம் நம்பருக்குக் கூட்டிப்போவாள், வாசலில் நின்று கூப்பிடுவாள், உள்ளே போய், கொஞ்சம் சாய்ந்து தொங்குகிற காலண்டரைச் சற்றே தூக்கிப் பிடித்து, “அதை விடுங்க, இதைப் பாருங்க” என்று அந்த ஆணியைக் காட்டுவாள்.